வானம் என் பொறுப்பு

நல்ல கோல்ஃப் ஆட்டக்காரர் வானத்தைப் பார்க்க மாட்டார், அக்கா. பந்தைப் பார்ப்பார், குழி இருக்கும் திசையைப் பார்ப்பார், தன் பாதம் இரண்டும் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று பார்ப்பார். காற்று, மேகம், வெளிச்சம் எல்லாம் பை தூக்குகிற கேடியின் பாடு. அத்தான் முதல் நாளே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். "மாப்ள, தரை என்னோடது. வானம் உன்னோடது. உன் வேலையில நான் மூக்க நுழைக்க மாட்டேன், என் வேலையில நீ நுழைக்காத."

நேற்று சாப்பிடும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "தம்பி, கடைசியா அவர் என்னடா சொன்னாரு?" நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். நீ அதைத் துக்கம் என்று நினைத்து பின்னாலேயே வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாய். துக்கம் இல்லை. பதில் கொஞ்சம் நீளம், நடுவில் யாரும் குறுக்கே பேசாமல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். நாளைக்கு நீ விசாரணைக் குழு முன்னால் உட்காரப் போகிறாய். மைதானத்து சைரன் பெரியவர் மின்னல் எச்சரிக்கைச் சங்கை ஊதவில்லை, அதனால்தான் உன் வீட்டுக்காரர் வெட்டவெளியில் நின்று செத்தார் என்று சொல்லப் போகிறாய். போவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடு.

நீ அத்தானைக் கல்யாணம் கட்டிக்கொண்டபோது அவர் ஆட்டத்தில் விழுந்து கிடந்தார். அதற்கு முன்னால் அவர் ஏறிய உயரம் உனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் அப்பா பயிற்சித் திடலில் பந்து அள்ளும் வண்டி ஓட்டியவர். யாரோ விட்டுப் போன இடதுகை மட்டை ஒன்று கிடைத்ததால், வலதுகைக்காரப் பிள்ளை இடதுகையால் ஆடப் பழகினார். கடைசிவரை அப்படித்தான். சோறு ஒரு கை, ஆட்டம் ஒரு கை. கொட்டுகிற மழையில் எல்லாரும் வழுக்கிக்கொண்டிருந்த ஒரு போட்டியில், முன்னணிக்காரர்களைத் தாண்டிப் போய்க் கோப்பையைத் தூக்கினார். மூன்று வருடம், முன்னணி ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடும் பெரிய சுற்றில் ஆடினார். பிறகு இறங்குமுகம். நாலு நாள் போட்டியில் இரண்டாம் நாள் சாயங்காலம் பாதிப் பேரைக் கழித்துக்கட்டி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாதியில் அத்தான் தவறாமல் இருந்தார். நெட்டை என்று ஒரு பழைய கேடி அவரோடு ஆரம்பத்திலிருந்து இருந்தார். அவரும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் நீ சொல்லி நான் பையைத் தூக்கினேன். படிப்பில் தேறாமல் இந்த நாட்டில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவனுக்கு வேலை அனுமதி கிடைத்தது அப்படித்தான். அந்த அட்டையில் முதலாளி என்ற இடத்தில் அத்தான் பெயர் இருந்தது. உனக்கு நன்றி சொல்ல நான் மறந்ததே இல்லை.

இரண்டாவது போட்டியிலேயே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அத்தான் பந்துக்கு மேல் குனிந்திருந்தார். பின்னால் படம் பிடிக்கிறவர் ஒருவர் முக்காலியோடு விழுந்தார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அத்தான் அசையவில்லை. பந்து குழிக்குள் போனது. "என்னா கவனம்யா, கல்லு மாதிரி நிக்கிறான்" என்று பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பத்திரிகைக்காரர்களுக்கும் அவர் 'கல்' ஆகிவிட்டார். நான் அவருக்குப் பின்னால் நடந்துகொண்டே, சாதாரணக் குரலில், "அத்தான், உங்க கால்சட்டை கிழிஞ்சிருக்கு" என்றேன். கிழியவில்லை. அவர் திரும்பவும் இல்லை.

ஓய்வறையில் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கண்டுபிடிச்சிட்டியா? எதிர்ல நின்னு பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். பின்னால இருந்து பேசினா ஒண்ணும் இல்ல. எங்க அப்பாவுக்கும் இந்த வயசுலதான் போச்சு. வெளிய தெரிஞ்சா, காது போச்சு, பேலன்ஸும் போச்சுன்னு எழுதிடுவானுங்க. விளம்பரத்துக்குன்னு எந்தக் கம்பெனிக்காரனும் என் பையில பேரு ஒட்ட வர மாட்டான். உங்க அக்காவுக்கும் தெரிய வேணாம், அவ தாங்க மாட்டா."

நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை இந்த நிமிஷம் வரைக்கும் காப்பாற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் அவர் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்ப்பார். நான் பையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தால், எல்லாம் சரி, அடிக்கலாம். தொப்பியைக் கழற்றினால் நிறுத்த வேண்டும். நடுவர் கூப்பிட்டாலும் தொப்பி, சங்கு ஊதினாலும் தொப்பி. பார்க்கிறவர்களுக்கு ஏதோ ராசி பார்க்கிறோம் என்று தோன்றும். ஒரு ஆட்டக்காரன் என்னை நேரடியாகவே கிண்டல் செய்தான். "தம்பி, பைக்கு ஜுரமா? அடிக்கடி தொட்டுப் பாக்குற?" அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார், அவன் வாயைப் பார்த்துக்கொண்டே. அந்த வருடம் மறுபடி தகுதிச் சுற்றில் தேறினார். பெரிய சுற்றுக்கான இடம் திரும்பக் கிடைத்தது. அவருடைய இரண்டு காதும் நான்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் நீ பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவாய். அவர் உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மட்டைப் பிடிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு 'ம்' கூட வராது. "இவருக்குப் பந்து விழுற சத்தம் மட்டும்தான் காதுல விழும், பொண்டாட்டி சத்தம் விழாது" என்று ஆரம்பத்தில் சிரித்தாய். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாய். "செவிடன் காதுல ஊதின சங்கா போச்சுடா என் பேச்சு. என்னை இவருக்குப் பிடிக்கலையோ என்னவோ" என்றாய். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்போதே மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. என் அக்காவை அழவைக்கிறவர் யாராக இருந்தாலும் சரி என்று.

போன மாதம் அவர் என்னைக் காரில் உட்கார வைத்துப் பேசினார். எஞ்சினை அணைத்துவிட்டு முழுதாக என் பக்கம் திரும்பிக்கொண்டார். காதுக்குக் கருவி வாங்கியிருந்தார். சின்னது, கடலைப் பருப்பு அளவு. "எத்தன நாள் மாப்ள ஒளிக்கிறது? இனிமே எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன். ஆடும்போது மட்டும் போட முடியல, காத்து உள்ள பூந்து ஊளையிடுது. பழகிடும்னு டாக்டர் சொல்றாரு. நெட்டை திரும்பி வரேங்கிறான். பெரிய சுற்றுக்கு அவன் அனுபவம் வேணும். நீ எத்தன நாள் எம் மூட்டையத் தூக்குவ? போய் விட்ட படிப்ப முடி. ஆகுற செலவ நான் பாத்துக்கறேன்."

ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். கறிவேப்பிலையைத் தூக்கிப் போடுகிறவர் யாரும் கோபமாகப் போடுவதில்லை. நான் "சரி அத்தான்" என்றேன்.

அடுத்த வாரம் வேறொரு மைதானத்தில் பயிற்சியின்போது சங்கு ஊதியது. தூரத்தில் மின்னல் வந்தாலே ஊதிவிடுவார்கள், இடி கேட்கும்வரை காத்திருப்பதில்லை. அத்தான் தலையைத் தூக்கினார். நான் பையின் மேல் கையை வைத்தேன். அவர் ஒரு பந்து அடித்தார். அதன் பிறகுதான் தொப்பியைக் கழற்றினேன். ஓடிவந்து ஒதுங்கியதும், "நல்ல வேளைடா, நீ இல்லேன்னா போயிருப்பேன்" என்று தோளில் தட்டினார். அதில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். ஒரு பந்து போதாது.

அத்தானின் கடைசி நாளன்று இங்கே நம் மைதானத்துக்கு விடுமுறை. அத்தான் மட்டும் அனுமதி வாங்கியிருந்தார். வாசலில் சைரன் பெரியவர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார். "போங்க போங்க. மானம் ஒரு மாதிரியா இருக்கு. நான் ஊதினா போட்டது போட்டபடி ஓடி வந்துடணும், ஆமா" என்றார். "நீங்க ஊதினா செத்தவனே எழுந்து ஓடுவான் பெரியவரே" என்று அத்தான் அவர் வாயைப் பார்த்துச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். பெரியவர் தன் வேலையில் சுத்தம். அதை நான் எப்போதும் மறுக்க மாட்டேன்.

கடைசிப் பக்கத்து மேட்டில் நின்றோம். மைதானத்தில் அதைவிட உயரமான இடம் இல்லை. எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது. மேகம் அத்தானுக்குப் பின்பக்கம் இருந்தது, எனக்கு முன்பக்கம். புல் ஒரு பக்கமாகப் படுத்தது. அப்போது சங்கு ஊதியது. நீளமாக ஊதியது. நிறுத்தி, மறுபடி ஊதியது. பெரியவர் கண்ணுக்கு நாங்கள் தெரிய மாட்டோம், அதனால் திரும்பத் திரும்ப ஊதினார். அத்தான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நான் பையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தேன்.

அடித்தார். நல்ல அடி. மறுபடி பார்த்தார். மறுபடி வைத்தேன். பிறகு, கீழே போய்ப் பந்துகளைப் பொறுக்கி வருகிறேன் என்று ஜாடை காட்டினேன். பையை அவர் பக்கத்திலேயே நிறுத்தினேன். பள்ளத்தில் ஒதுங்கும் கொட்டகை இருக்கிறது. அதன் வாசலில் நின்றால் மேட்டிலிருக்கிற ஆளுக்கு நான் தெரிவேன். அவர் ஒவ்வொரு முறை பார்த்தபோதும் கையை விரித்துக் காட்டினேன். பை இல்லை, வெறும் கைதான். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மழைத் துளி விழுவதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

குழுவிடம் நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். சங்கு கேட்கவில்லை என்றேன். மீதியை அவர்களே முடித்துக்கொண்டார்கள். ஊதியிருந்தால் இவ்வளவு அனுபவசாலி ஏன் அங்கேயே நின்றிருப்பார் என்று கேட்டார்கள். அவருக்குக் காது கேட்காது என்று தெரிந்த ஆள் அந்த அறையில் நான் மட்டும்தான். பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஊதினேங்க. என் பிள்ள மேல சத்தியமா ஊதினேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு உன் வாக்குமூலத்தோடு வழக்கு போலீசுக்குப் போய்விடும் என்கிறார்கள். அவர் உள்ளே போக வேண்டியிருக்கும். அதை நீயே முடிவு செய்துகொள், அக்கா. உனக்கு எது நிம்மதியோ அது.

அவர் கடைசியாக என்ன சொன்னார் என்றுதானே கேட்டாய். நான் பள்ளத்துக்கு இறங்கும்போது பின்னாலிருந்து கத்தினார். அவருக்கே அவர் குரல் கேட்காததால் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார். "மாப்ள, இன்னும் நாலு பந்துதான். கருவிய பையில பத்திரமா வெச்சிருக்கேல்ல? இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அதப் போட்டுக்கிட்டு, உங்க அக்காவ முதுகுக்குப் பின்னால நின்னு பேசச் சொல்லப் போறேன். அவ என்னல்லாம் திட்டியிருக்கான்னு இனிமேதான்டா தெரியும்." அப்புறம் சிரித்தார். அவ்வளவுதான்.

நீ இனிமேல் அழக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் செய்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கருவி என்னிடம்தான் இருக்கிறது. பை கருகிப்போனது, இது என் சட்டைப் பையில் இருந்ததால் தப்பித்தது. நேற்று நீ கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அதை என் காதில் வைத்துப் பார்த்தேன். நல்ல கருவி. இரண்டு சுவர் தாண்டி நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது, பக்கத்தில் உட்கார்ந்து அழுவது போலக் கேட்டது. அவர் இருந்தபோதுகூட நீ இப்படி அழுததில்லை. உன்னை அழவைத்த ஆளே இப்போது இல்லையே, அக்கா, இன்னும் எதற்கு அழுகிறாய்?