சட்டையில் வராத வாடை

போன மாதம் அடையாறிலிருந்து மெரினா பக்கம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்துபோயிருந்த கணவர் மடியில் மருத்துவமனைக் கோப்பு. திடீரென்று அந்தப் பெண் சொன்னாள்:

“உன் சட்டையெல்லாம் மோந்து பாத்தேன்யா. ஒரு நாள்கூட சரக்கு வாடை வரல. அப்பவும் நான் உன்னை நம்பல.”

“உடு மல்லிகா.”

“உணவுக்குழாய்ல கேன்சர்னா, நீ திருட்டுத்தனமா குடிச்சிருப்பன்னு எங்கண்ணன் சொன்னான். நானும் அதையே சொல்லிச் சொல்லி உன்னை அழ வச்சேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? எனக்குப் பாதி புரியல.”

“குடி, பீடி எதுவும் இல்லாதவங்களுக்கும் வருமாம். சில பேருக்கு ஏதோ வைரஸ்கூட காரணமா இருக்கலாமோன்னு ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறாங்களாம். இன்னும் உறுதியா தெரியாதாம்.”

“எனக்கு?”

“உனக்கு எதனாலன்னு சொல்ல முடியாதாம். ஆனா நீ எந்தத் தப்பும் பண்ணலன்னாங்க.”

“அது போதும்,” என்றார்.

அவள் கைபேசியை எடுத்தாள். “அண்ணே, அவரு குடிச்சதே இல்ல. நாமதான் தப்பா பேசிட்டோம். சாயங்காலம் வூட்டுக்கு வந்து அவராண்ட நீயே சொல்லு.”

பேருந்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவா பேசு,” என்றார் அவர்.

“அன்னிக்குத் தெருவே கேக்கத் திட்டுனேன் இல்ல? இன்னிக்கும் நாலு பேர் கேக்கட்டும்.”