சாய்தளத்தில் காய்ந்த நெல்

திருத்துறைப்பூண்டி போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "நேத்து எங்க வீட்டுக்காரரு தெருவே கூடுற மாதிரி சண்டை போட்டாருக்கா. எனக்கு ஒரே சந்தோஷம்."

"சண்டை போட்டதுலயா சந்தோஷம்?"

"கால் போனதுலேருந்து மூணு வருஷமா வாசலைத் தாண்டாத மனுஷன்க்கா. மாற்றுத்திறனாளிங்க விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்துல சிமெண்டுச் சாய்தளம் போட்டாங்கல்ல? போட்டி முடிஞ்சும் அது இருக்கு. இப்ப தினமும் சக்கர நாற்காலியில போயி குண்டு எறிஞ்சு பழகுறாரு. பிரஷர் குறைஞ்சிருக்கு, தூக்க மாத்திரை வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்குச் சண்டை?"

"சிமெண்டுத் தரையைக் கண்டா நம்ம ஊருல சும்மா விடுவாங்களா? சாய்தளம் பூரா நெல்லு காயுது. 'அள்ளுங்க, நான் விளையாடப் போவணும்'னு ஒரே கத்தல்."

"அள்ளுனாங்களா?"

"நான்தான் அள்ளுனேன். நம்ம வீட்டு நெல்லுதானே!"