பஸ்ஸில் ஏறியதும் தொடங்கிய வேலை

"சட்டந்தான் புஸ்தகத்துல எழுதிக் கீதே, அத படிச்சு சொல்றதுக்கு நீ எதுக்கு?" என்று, நான் சட்டம் படிக்கப் போகிறேன் என்றபோது மாமா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அன்றிலிருந்து, நிரப்பிய விண்ணப்பம் என் பையிலேயே கிடந்தது.

நேற்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கம்பெனி பஸ் கவிழ்ந்து அவருக்கு ஒரு கால் போயிருந்தது. அந்த வழக்கில் தீர்ப்புக் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

"மறுபடி சொல்லுய்யா. நான் வெளிய நின்னுகினு இருந்தேன்."

"வேலையில அடிபட்டாத்தான் நஷ்டஈடுன்னு சட்டமாம். நான் கம்பெனி கேட்டுக்குள்ளயே போலன்னு அவங்க வக்கீல் சொல்லிகினே இருந்தாரு. ஜட்ஜம்மா என்னியே கேட்டாங்க, பஸ்ஸு லேட்டானா உனக்கு லேட்டு போடுவாங்களான்னு. கம்பெனி பஸ்ஸும்மா, போட மாட்டாங்க, முழு ஷிப்டுதான்னேன். அப்ப பஸ்ஸுல ஏறுனதுமே வேலை ஆரம்பிச்சிடுச்சுன்னு கம்பெனியே ஒத்துகினு கீதேன்னு தீர்ப்புல எழுதிட்டாங்க."

"பொண்ணு பாக்கவே லேட்டா வந்த ஆளு நீ. லேட்டு பஸ்ஸாலயே ஜெயிச்சிட்ட!"

அவர் சிரித்தார். அவள் மடித்துக் குத்தியிருந்த அவருடைய பேண்ட்டைச் சரிசெய்தாள்.

"சட்டத்துல பஸ்ஸுன்னே இல்லியாமே?"

"இல்லதான். அந்தம்மா நம்ம பொழப்ப கேட்டுட்டு அத படிச்சாங்க, அதான்மே."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நான் வாலாஜாபாத்தில் இறங்கி, சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.