குங்குமம் கொடுத்து அழைத்த முகாம்

— மதன் தம்பி, எங்க டாக்டரம்மா நம்பவே மாட்டேங்கிறாங்க. பல்லடத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல இத்தனை பொம்பளைங்க பட்டுச்சேலை கட்டிக்கிட்டு டெஸ்டுக்கு வந்து நிக்கிறாங்கன்னு. அல்லா, மண்டபத்துல கால் வெக்க எடமில்லை.

— தலையையும் பாருங்க நஃபீசா சிஸ்டர். பிரஷர் பாக்கறதுக்குக் கனகாம்பரம் வெச்சுட்டு வர்றது எங்கூர் மட்டுந்தானுங்க.

— போன மாசமும் இதே ஊருக்குத்தானே வந்தோம்?

— இதே ஊர்தானுங்க. அன்னைக்கு எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். பசங்க ‘கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம்’னு பெருசா பேனர் கட்டியிருந்தோம். ரெண்டு உருப்படி வந்துச்சு. ஒருத்தரு திருப்பூர் பஸ் போயிருச்சான்னு கேட்டாரு. இன்னொண்ணு ஆடு. அது பேனரைத் தின்னுச்சு.

— சிரிக்க வெக்காதே, கையில ஊசி இருக்கு. இப்பப் பாரு, கண்ணு, சுகர், பிரஷர், சத்து மாத்திரைன்னு எல்லாத்தோடவும் சேத்து அதையும் ஒரே திரைக்குப் பின்னால வெச்சாச்சு. உள்ள போனவ எதுக்குப் போனான்னு வெளிய ஒருத்திக்கும் தெரியாது. கண்ணு பாக்க வந்தவங்களே, ‘அதையும் பாத்துருங்க’ன்னு காதுல வந்து சொல்றாங்க தம்பி.

— அதுக்குத்தானுங்க இத்தனை வேசம்.

— சொல்லிட்டு நீ ஏன் வாசலையே பாக்கறே? யாரு வரணும்?

— எங்கம்மாங்க.

— அவங்களுக்கு என்ன?

— ரெண்டு வருசத்துக்கு முந்தியே நின்னு போச்சுங்க. இப்ப மூணு மாசமா மறுபடி ரத்தம் படுதாம். எங்கக்கா சொன்னா. சொல்லிப்போட்டு, எனக்குத் தெரியும்கறது அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டா. நான் எப்படிங்க அம்மாகிட்ட இதைப் பேசறது? சோறு போடும்போதுங்களா? அதுதான் ஊருக்கே முகாம் போட்டுட்டேன்.

— ஒரு வார்த்தை பேசறதுக்குப் பயந்து ஒரு மண்டபத்தையே புடிச்சியா?

— மண்டபம் சுளுவுங்க. வார்த்தைதான் வரலை.

— தம்பி, நின்ன பிறகு படறது லேசா விடற சமாச்சாரமில்லை. எல்லாருக்கும் டெஸ்டு எடுக்கற மாதிரி எடுத்துட்டு அனுப்பவும் முடியாது. டாக்டரம்மாவே உக்காந்து பாக்கணும். ஒரு மணிக்கு வேன் கிளம்பிரும். அவங்களுக்கு இன்னைக்கு முகாம்னு தெரியுமா இல்லையா?

— தெரியாம எப்படிங்க? எங்க பெரியம்மா சென்னியம்மாள்தான் ஊரைக் கூப்பிட்டது. நோட்டீசுக்கெல்லாம் எவளும் வர மாட்டா, முறையாக் கூப்பிடோணும்னு சொல்லிப்போட்டு, குங்குமச் சிமிழைத் தூக்கிட்டு ஊடூடாப் போயிட்டாங்க. கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி. குங்குமம் வாங்கிட்டு வராம இருந்தா எங்கூர்ல பகையாயிருமுங்க. நான் காலையில பீளமேட்டு ஹாஸ்டல்ல இருந்து நேரா இங்க வந்துட்டேன். அம்மா தானா வந்துருவாங்கன்னு நெனச்சேன்.

— பெரியம்மாவுக்குப் பெரிய மூளைதான். உங்க வீட்லயும் குங்குமம் குடுத்திருப்பாங்கல்ல?

— எங்க ஊட்டுக்குங்களா? அடக் கடவுளே.

— என்ன, மூஞ்சி இப்படிப் போச்சு?

— எங்கப்பா இல்லைங்க சிஸ்டர். ஆறு வருசமாச்சு.

— அதனால?

— தாலி இல்லாதவங்களுக்குக் குங்குமம் குடுக்க மாட்டாங்க. குங்குமம் குடுக்காத ஊட்டைக் கூப்பிட்டதாவே கணக்கில்லை. உள்ள நல்லாப் பாருங்க, ஒரு வெள்ளைச்சேலையாவது இருக்குதா? எங்கம்மாவுக்குன்னு முகாம் போட்டு, எங்கம்மாவை உட்டுப்போட்டு ஊரையே கூட்டி வெச்சிருக்கறேன்.

— மணி பன்னெண்டே முக்கால். இங்க நின்னு பொலம்பாதே. வண்டியை எடு. போய் நேரா வாயைத் தொறந்து சொல்லு.

— என்னன்னுங்க சொல்றது?

— ‘அம்மா, வா’ன்னு சொல்லு. மிச்சத்தை நான் பேசிக்கறேன். ஓடு.

— போய்ட்டு வந்துட்டேனுங்க சிஸ்டர்.

— தனியா வந்து நிக்கறே. அம்மா எங்க?

— ஊடு பூட்டிக் கெடக்குதுங்க. அம்மா மாதிரியே குங்குமம் வாங்காத பக்கத்து ஊட்டு ராசாத்தாளையும் காணோம். எதிர்த்த ஊட்டுச் சின்னத்தாயி அக்காளையும் காணோம். டாக்டரம்மாவை ஒரு அஞ்சு நிமிசம் இருக்கச் சொல்லுங்க, நான் காட்டுப்பக்கம் போய்த் தேடிப் பாக்கறேன்.

— அவங்க கையைக் கழுவிட்டு வேன்ல ஏறியாச்சு தம்பி. இரு, இரு. வாசல்ல அது யாரு, அத்தனை பேரு? பூவும் இல்லை, பொட்டும் இல்லை.

— அம்மா.

— ஏஞ்சாமி, இப்படி வேர்த்து ஊத்துது? நீ தேடிட்டு வந்தீன்னு தெருமுக்குல சொன்னாங்க. உங்க பெரியம்மா பாதி ஊரைத்தான் கூப்பிட்டிருக்கா. மீதியை நான் கூட்டியாந்துட்டேன்.

— டிரைவரண்ணே, வண்டியை அணைங்க. டாக்டரம்மா, எறங்கி வாங்க, இன்னும் ஒரு மண்டபம் வந்திருக்கு. வாங்கம்மா, கண்ணு பாக்கறதெல்லாம் அப்புறம் ஆகட்டும், நீங்க முதல்ல திரைக்குப் பின்னால வாங்க.

— வாரேனுங்க அம்மணி.

— அம்மா, குங்குமம் இல்லாம இத்தனை பேர்த்தை என்ன சொல்லிக் கூப்பிட்டே?

— உள்ளதைத்தான் சொன்னேன். உங்கக்கா உங்கிட்டச் சொன்னதை அன்னைக்கே எங்கிட்டயும் சொல்லிப்போட்டா. நீ மண்டபம் வரைக்கும் போயிட்டே, எனக்கு என்ன வெக்கம்? எனக்கு மூணு மாசமாப் படுது, டாக்டர்கிட்டக் காட்டப் போறேன், துணைக்கு வாங்கன்னு ஊடூடாப் போய்க் கேட்டேன். மொத ஊட்டுல ராசாத்தா, ‘அப்படியா’ன்னு கேக்கலை கண்ணு, ‘உனக்குமா’ன்னு கேட்டா. அடுத்த ஊட்டுலயும் அதேதான் கேட்டாங்க.