கசக்காத பொடி

நான் மோசமான சமையல்காரி இல்லை, இன்ஸ்பெக்டர். இதைச் சொல்லிவிட்டால் மற்றது சுலபம்.

என் வீட்டுக்காரர் லாரி டயர் விற்றவர். முப்பத்தெட்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றி ஓட்டலில் சாப்பிட்டார். வீட்டில் இருக்கும் நாளிலும் தட்டுக்கு முன்னால் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். எழுபத்து மூன்றாம் வயதில் பசி போயிற்று. கை நடுங்கி ஸ்பூன் நழுவியது. நான் சூப் வைத்து ஊட்டினேன். சமர்த்தாக வாயைத் திறந்தார். "நல்லாருக்கு" என்றுகூடச் சொன்னார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆனது போல இருந்தது.

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப்போய் அமினோ அமிலப் பொடி வாங்கி வந்தாள்.

"தினமும் ரெண்டு வேளை தண்ணில கலக்கிக் குடும்மா. உடம்பு தேறும். பசியும் எடுக்கலாம்."

நாக்கைச் சுருட்டும் கசப்பு. ஆனால் இரண்டே மாதத்தில் மனிதர் எழுந்து நடமாடினார். ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை ஓட்டலுக்கே போய்விட்டார். சூப் பாத்திரமும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் டப்பாவைக் காலி செய்து சோளமாவை நிரப்பினேன். பிறகு வந்த டப்பாக்களிலும் அப்படியே.

மெல்ல மெல்லப் படுக்கைக்குத் திரும்பினார். நாலு ஸ்பூன் இறங்கும், அதற்கு மேல் நானும் வற்புறுத்த மாட்டேன். மகள் போனில் கேட்டால், "நல்லா சாப்பிடறார்" என்பேன். டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். ஏழாம் மாதம் போய்ச் சேர்ந்தார். அப்போது எடை முப்பத்தாறு கிலோ என்றார்கள்.

டப்பாவைத் தூக்கி எறியப்போன மகள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"அம்மா, இது கசக்கவே இல்லையே."

"கசக்கறத எப்படிம்மா அவருக்குக் குடுக்கறது?" என்றேன். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான். எனக்கு அவள்மேல் கோபமில்லை, பாசக்காரப் பெண்.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. கடைசி வாரம் அவரே கேட்டார், "நீ அந்த மருந்தக் குடுக்கறதில்லையா?"

"இல்லைங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பூனை நீட்டினேன். வாயைத் திறந்தார்.

கையைத் தட்டிவிட அவருக்குத் தெம்பிருக்கவில்லை என்கிறீர்கள் நீங்கள். எத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா, அது சம்மதம்தான்.