தண்ணீரின் மனைவி கேட்ட தவணை

மணமேடைக்குத் தலைமை ஏற்று, முகம் நிறையச் சிரிப்பும் மனம் நிறையக் கவலையுமாக அமர்ந்திருக்கும் ஊர்மன்றத் தலைவர் ஹாஜி நுஸ்ரத் அவர்களே! மணவுரை ஓத வந்திருக்கும் மதிப்பிற்குரிய முல்லா இஸ்மத் அவர்களே! முன்வரிசையில் தலைப்பாகையும் பின்வரிசையில் தாடியுமாகத் தெரிகின்ற ஹஸார்தூத் ஊர்ப் பெரியோர்களே! என் தலைக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக் கை கடுத்து நிற்கும் கன்னிப் பெண்களே! அந்தத் துணியின் மேல் சர்க்கரைக் கட்டிகளை உரசி என் வாழ்வு இனிக்க வேண்டும் என்று வாழ்த்தும் என் நாத்தனார் கௌஹர் அக்கா அவர்களே! குலவையிட்டுக் குரல் வற்றிப்போன தாய்மார்களே! மதிலுக்கு அப்பால் எண்ணெய் நாற்றத்தோடு காத்து நிற்கும் துளையிடும் இயந்திரமே! இன்னும் பிறக்காத, பேர் வைக்காத, ஆழம் மட்டும் நிச்சயிக்கப்பட்ட என் புது மாப்பிள்ளையே! உங்கள் அனைவருக்கும் மணப்பெண் சரீன்தாஜின் மனமார்ந்த ஸலாம்!

மணப்பெண் பேசுகிறாளே என்று புருவத்தை உயர்த்துகிறீர்கள். வழக்கம் தெரியாதவள் அல்ல நான். மூன்று முறை கேட்க வேண்டும். இரண்டு முறை நான் மௌனமாக இருக்க வேண்டும். மூன்றாம் முறை தலைகுனிந்து, பெரியவர்கள் அனுமதியோடு சம்மதம் சொல்ல வேண்டும். முல்லா அவர்கள் முதல் முறை கேட்டுவிட்டார்: "சரீன்தாஜ், ஊருக்கு வரப்போகும் இந்த ஆழ்துளைக் கிணற்றை மணக்கச் சம்மதமா?" மரபு மாறாமல் பெண்கள் நீங்கள் எனக்காகக் குரல் கொடுத்தீர்கள்: "பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா!"

அதைக் கேட்டதும்தான் ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். பூவா? எந்தப் பூ? எந்தத் தோட்டத்துப் பூ? ஆயிரம் முசுக்கொட்டை மரங்கள் என்று பேர் வைத்துக்கொண்ட ஊர் இது. மரத்துக்கு ஒரு பூ என்றாலும் ஆயிரம் பூ பூத்திருக்க வேண்டுமே! மணமேடையில் இருக்கிறதே இந்தப் பூங்கொத்து, இது எங்கே பறித்தது? பிளாஸ்டிக், தாய்மார்களே, பிளாஸ்டிக்! நகரத்துக் கடையில் வாங்கியது. விலைச்சீட்டைக் கூட இன்னும் கிழிக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் ஒரு நாள் இப்படித்தான் சிரித்தேன்.

என் கணவர் நாதிர், முலாம்பழம் ஏற்றிப் போன லாரி கவிழ்ந்து மாண்டுபோனார். வருடம் திரும்பவில்லை, ஊர்ப் பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "ஜவான்மர்த் இளைச்சுப்போயிட்டான், சரீன். அவனுக்கு ஒரு பொண்டாட்டி வேணும்" என்றார்கள். ஜவான்மர்த் யார்? மலையடியில் பிறந்து, முன்னோர் மண்ணுக்குள் குடைந்து வைத்த கால்வாயில் இருட்டோடு இருட்டாகத் தவழ்ந்து, நம் ஊர் முகப்பில் வந்து முதல்முறையாக வெளிச்சத்தைப் பார்ப்பானே, அந்தக் கனாத்! கொடுக்கத் தெரிந்த ஆண்பிள்ளை என்று பொருள்படத்தான் நம் முன்னோர் அவனுக்கு ஜவான்மர்த் என்று பேரிட்டார்கள். ஆண் கனாத்துக்குத் துணை இல்லாவிட்டால் துவண்டுபோவான், துணை வாய்த்தால் பெருகுவான் என்பது நம்பிக்கை. அதனால் ஒரு விதவையை அவனுக்குக் கட்டிவைப்பது வழக்கம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "தண்ணியவா கட்டிக்கிறது? குறட்டை விடுமா அது?" என்று கேட்டேன். இதோ நிற்கிறாரே கௌஹர் அக்கா, இவர் என்ன சொன்னார் தெரியுமா? "குறட்டை விடாதுடி. ஆனா சலசலன்னு பேசும். என் தம்பி நாதிர்தான் வாயத் தொறக்கவே மாட்டானே, பேசுறவன் ஒருத்தனோட கொஞ்ச நாள் வாழ்ந்து பாரு!"

வாழ்ந்து பார்த்தேன், அக்கா. இதே மேடையில் இதே துணியின் கீழே உட்கார்ந்து சம்மதம் சொன்னேன். வேறு ஆணை மணப்பதில்லை, அவ்வப்போது அவனிடம் போய் நீராடி வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதிலுக்கு ஊர் எனக்குக் கோதுமை அளந்தது. கோதுமைக்காகத்தான் கட்டிக்கொண்டேன், மறைப்பானேன்? ஆனால் காதல் எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது.

கோடையில் போனால் குளிர்ந்திருப்பான். பனிக்காலத்தில் போனால் வெதுவெதுப்பாக இருப்பான். சொல்லுங்கள் தாய்மார்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் உண்டா? (அங்கே யாரோ ஒருவர் தன் மனைவியைப் பார்த்து முறைக்கிறார். நான் உங்களைச் சொல்லவில்லை ஐயா!) கழுத்தளவு நீரில் அமர்ந்து என் கஷ்டங்களையெல்லாம் சொல்வேன். சின்னச் சின்ன மீன்கள் வந்து என் குதிகாலைக் கொத்தும். அவன் கேட்டுக்கொண்டே போவான், போய்க்கொண்டே கேட்பான். அந்தக் குளிர்ச்சி என் தோலில் இன்னும் இருக்கிறது. வெறும் மணலாகக் கிடக்கும் அந்த வாய்க்காலைத் தாண்டும்போதெல்லாம், என் கால் தானாகவே செருப்பைக் கழற்றுகிறது. ஏங்குகிறேன், வெட்கமில்லாமல் ஏங்குகிறேன்!

அவன் குணம் என்ன? மலை கொடுத்ததைத்தான் அவன் கொடுப்பான். பனி அதிகம் என்றால் அதிகம், குறைவு என்றால் குறைவு. அவன் யாரிடமும் பிடுங்கியதில்லை. தானாகக் கசிவதைத் தாங்கி வந்து தந்தான். அது நமக்குப் போதவில்லை!

முதலில் ஒருவர் ஆழ்துளை போட்டார். யார் என்று சொல்ல மாட்டேன். தலைமை இருக்கையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். பிஸ்தாத் தோப்பு செழித்தது. பார்த்தார் பக்கத்துத் தோட்டத்து சஃபர். "அவரு அவ்வளவு ஆழம் போனாரா? நான் அதுக்கும் கீழ போறேன்" என்றார். அதற்கும் கீழே அடுத்தவர், அவருக்கும் கீழே அடுத்தவர். தகப்பன் சொத்தில் ஆளுக்கொரு பாகம் கேட்பார்கள். பாதாளத்தில் ஆளுக்கொரு பாகம் கேட்ட ஊர் இது! மேலே நாம் வளர்ந்தோம், கீழே அவன் மெலிந்தான். இடுப்பளவு நீர் முழங்காலளவு ஆனது, முழங்கால் கணுக்கால் ஆனது, கணுக்கால் ஈரமானது, ஈரமும் ஒரு நாள் இல்லாமல் போனது. இன்று நிலமே உள்வாங்குகிறது. முல்லா வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறதே, அதில் என் கை நுழைகிறது. பூனை நுழைகிறது என்கிறாரா? சரி, பூனையும் நுழைகிறது.

கூடினோம், குவிந்தோம், பெருகினோம்! நான் தண்ணீரை மணந்த நாளில் இந்த ஊரில் ஒரே ஒரு ரொட்டிக்கடை. இன்று தெருவுக்குத் தெரு ரொட்டிக்கடை, கடைக்குக் கடை வரிசை. நகரத்திலிருந்து வந்து மாளிகை கட்டினார்கள், மாளிகைக்குள் நீச்சல் குளம் கட்டினார்கள். வாய் பெருகியது, வயல் பெருகியது, ஆசை பெருகியது. மழை பெருகியதா? மலை வளர்ந்ததா? நம் ஒருவருக்கும் ஏன் இது கணக்கில் வரவில்லை? ஒன்பது பெற்ற கௌஹர் அக்கா என்னை முறைக்கிறார்.

என்ன அக்கா சொன்னீர்கள்? உரக்கச் சொல்லுங்கள்!

"நான் பெத்தது ஒம்பதுதான்டி! ஆனா அந்த ஒம்பதும் பொறந்ததுலருந்து குடிச்சத உங்க ஹாஜியோட தோப்பு ஒரே காலையில குடிச்சிரும்!"

கேட்டீர்களா? கைதட்டுங்கள், கைதட்ட வேண்டிய பேச்சுதான். அக்கா சொல்வதும் உண்மை, நான் சொல்வதும் உண்மை. பிறந்த குழந்தை மேல் பழி இல்லை. ஒரு குவளைக்காக வாய் திறக்கும் குழந்தையைக் காட்டி, ஒரு குளத்தையே விழுங்கிய நாம் தப்பிக்க முடியாது. ஆனால் குவளைகள் பெருகும் வீட்டில், பெரியவர்கள் பானையைப் பார்த்துப் பரிமாற வேண்டாமா?

"வானம் ஏமாத்திருச்சு" என்கிறார் சஃபர். வானமா? முன்பெல்லாம் முசுக்கொட்டை பழுக்கும் வரை மலையுச்சியில் பனி வெள்ளையாகக் கிடக்கும். இப்போது வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகைக்கு விரிக்கும் துணியை மடிப்பதற்குள் மலை மொட்டையாகிவிடுகிறது. பனியைத் தின்றது யார்? இந்த நாட்டு மண்ணைத் தோண்டி எண்ணெய் எடுத்தோம்; உள்ளூரிலும் எரித்தோம், உலகெங்கும் விற்று எரிக்க வைத்தோம். எரித்தவரும் மனிதர், விற்றவரும் மனிதர், விலை பேசியவரும் மனிதர். அடுப்பை நாமே மூட்டிவிட்டு, அறை ஏன் இப்படிச் சுடுகிறது என்று அலறுகிறோம். வானத்துக்கு வாய் இல்லை என்பதற்காக வழக்கை வானத்தின் மேல் போடாதீர்கள்!

சற்றுப் பொறுங்கள். முல்லா அவர்கள் இருமுகிறார். இரண்டாம் முறை கேட்கிறார். சம்மதமா என்கிறார். பெண்கள் பதில் சொல்கிறீர்கள். இன்னும் உரக்க!

"பொண்ணு பன்னீர் கொண்டு வரப் போயிருக்கா!"

பன்னீரா? தண்ணீரே இல்லாத ஊரில் பன்னீரா? ஹாஜி அவர்களே, கையில் இருக்கும் தேநீரைக் குடியுங்கள். கற்கண்டு போட்டீர்களே, இனிக்கிறதா? உப்புக் கரிக்கிறதல்லவா? ஆழம் போகப் போக உப்புதான் வருகிறது. பூமியின் அடியிலிருந்து நாம் இப்போது இறைப்பது தண்ணீர் இல்லை, கண்ணீர்!

போன வாரம் ஹாஜி அவர்கள் புதுத் துணியோடு என் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, பழைய ஆளு போய்ச் சேந்துட்டான். உனக்குப் புதுசா ஒண்ணு பாத்திருக்கோம். நல்ல ஆழமான இடம். நீ தலையாட்டினா போதும், தண்ணி பீறிட்டு வரும்" என்றார். அவர் நல்ல மனிதர். அவருடைய மரங்கள் காய்கின்றன, அந்தப் பயத்தில் பேசினார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன். ஜவான்மர்த் போய்ச் சேர்ந்துவிட்டானா? யார் பார்த்தது? யார் குளிப்பாட்டியது? யார் தொழுதது? எங்கே அவன் கபர்க்குழி? நேற்றுக் காலை அந்த வாய்க்கால் முகப்புக்குப் போனேன். பொட்டலங்களும் புட்டிகளும் குப்பையுமாகக் கிடந்ததைக் கையால் விலக்கிவிட்டு, இருட்டுக்குள் முகத்தை நீட்டினேன். அன்பர்களே, உள்ளேயிருந்து காற்று வந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளேயிருந்து வந்த காற்று சில்லென்று இருக்கிறது! அந்தக் குளிர்ச்சி எனக்குத் தெரியாதா? அவனோடு வாழ்ந்தவளுக்கு அவன் மூச்சு தெரியாதா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முல்லா அவர்களே, மார்க்கம் அறிந்தவர் நீங்கள். சபையில் ஒரு கேள்வி. கணவன் இறந்தான் என்பதற்குச் சாட்சி இல்லை, எங்கோ காணாமல் போய்விட்டான். அவன் மனைவி மறுமணம் செய்துகொள்ளலாமா? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"உடனே முடியாதும்மா. நாலு வருசம் தேடணும். தேடியும் கெடைக்கலேன்னாத்தான்..."

போதும் ஐயா, போதும்! நான்கு வருடம்! தேட வேண்டும்! காத்திருந்தால் மட்டும் போதாது, தேட வேண்டும்! தேடினோமா நாம்? காணாமல் போனவன் வீட்டில் ஒப்பாரி வைத்தோம், ஒப்பாரி ஓய்வதற்குள் அடுத்த மாப்பிள்ளைக்குத் துணி எடுத்துவிட்டோம்!

ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே, என் வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். எனக்கு நான்கு வருடத் தவணை கொடுங்கள். தோப்புகளின் ஆழ்துளைகளை மூடுங்கள். குடிப்பதற்கு ஒரு கிணறு ஓடட்டும், குழந்தையின் குவளையைத் தட்டிவிடச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒருவர் கூடையோடும் மண்வெட்டியோடும் வாருங்கள். கால்வாயில் இடிந்து கிடக்கும் மண்ணை அள்ளி அவனைத் தேடுவோம்.

"மரமெல்லாம் காஞ்சுபோமே, வாய்க்கு வந்தபடி பேசுறியே" என்று ஒரு குரல் கேட்கிறது. சஃபர்தானே? காயும், சஃபர். என் வீட்டுக்குப் பின்னால் பாதாம் மரங்கள் நிற்கின்றனவே, அவை யார் நட்டவை? என் நாதிர் நட்டவை. வாயே திறக்காத அந்த மனிதர், சொல்ல நினைத்ததையெல்லாம் எனக்கு மரமாக நட்டுவிட்டுப் போனார். உங்கள் ஆழ்துளை நீரில்தான் அவை இன்றுவரை உயிரோடு நிற்கின்றன. நீங்கள் மூடினால் முதலில் சாகப்போவது அவைதான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

கௌஹர் அக்கா, அழாதீர்கள். உங்கள் தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவன் திரும்பி வருவானா? எனக்குத் தெரியாது. மலையில் பனி போதுமா? தெரியாது. உலகம் நெருப்பை அணைக்குமா? அதுவும் என் கையில் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பம்புகளின் பொத்தான்கள் நம் கையில் இருக்கின்றன. நாம் அழுத்திய பொத்தானை நாம்தானே நிறுத்த வேண்டும்? நான்கு வருடம் தேடி, அவன் வரவில்லை என்றால், அன்று நானே மருதாணி இட்டுக்கொண்டு வந்து இந்தத் துணியின் கீழே உட்காருகிறேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள் நான், இதுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

கன்னிப் பெண்களே, கையை இறக்குங்கள், துணியை மடியுங்கள். அக்கா, மிச்சச் சர்க்கரையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மாப்பிள்ளை வீட்டு இயந்திரத்தை அது வந்த வழியே மரியாதையாக அனுப்பி வையுங்கள்.

இவ்வளவு நேரம் என் வார்த்தைகளை வழிமறிக்காமல் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. நான் பிடுங்கிய ஒலிபெருக்கியைத் திரும்பப் பிடுங்காத ஹாஜி அண்ணனுக்குத் தனி நன்றி. உங்கள் வீட்டுப் பானைகள் நிறையட்டும், உங்கள் பிள்ளைகளின் தேநீர் இனிக்கட்டும், உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்!

முல்லா அவர்களே, மூன்றாம் முறையும் கேட்டுவிடுங்கள். சம்மதமா என்று கேட்கிறீர்கள். பெண்கள் யாரும் பதில் சொல்ல வேண்டாம், இந்த முறை நானே சொல்கிறேன்.

மணப்பெண் தன் கணவனைத் தேடப் போயிருக்கிறாள். உங்களில் யார் என்னோடு வருகிறீர்கள்?