கீழ ஒரு பட்டன்

இல்லம்மா, காசு அப்புறம். மொதல்ல போன் வெளிய கெடக்கட்டும். ஆமா, அங்கயேதான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். விழாது, வைப்பர்ல சாய்ச்சுதான வச்சிருக்கேன். திரை நம்மளப் பாத்து இருக்கு பாருங்க, சார்ஜ் தொண்ணூத்திரெண்டுன்னு காட்டுது. இருபது நிமிஷம் அப்படியே நிக்கட்டும். நின்னா வாங்கிக்கிறேன். செத்துப்போச்சுன்னா நீங்க உங்க வழி, நான் என் வழி.

வேணும்னா உங்க கார்ல போய் உக்காருங்க. இல்ல இப்படியே டிரக்குல இருங்க, ஹீட்டர் ஓடுது. கால் பக்கம் திருப்பி விட்டுருக்கேன், கண்ணாடி சூடாயிட்டா அப்புறம் சோதனை என்ன சோதனை. போலீஸ் ஸ்டேஷன் வாசல், தலைக்கு மேல கேமரா, இதுல பயப்பட என்ன இருக்கு? பழசு விக்கிறவன் வாங்குறவன் எல்லாம் போலீஸ் போட்டு வச்ச இந்தக் கோட்டுக்குள்ளதான வந்து நிக்கிறான். எனக்குத்தான் உங்களப் பாத்து பயம். முன்னப்பின்ன தெரியாத பொம்பள, ஒம்பது வருஷத்து போனுக்கு நூத்தி இருபது டாலர் கேக்குறீங்க.

சிரிக்காதீங்க. நூத்தி இருபது. அந்த விளம்பரத்துல என்ன எழுதி இருந்தீங்க, மணி மாதிரி வச்சிருந்தேன்னா? பின்னாடி பூனை ஸ்டிக்கரு. அதச் சொரண்டவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஓரத்துல ஒரு கீறல். கேமரால பாத்தா நெலா கூட பன்னு மாதிரி தெரியும். பேங்க் ஆப்பு ஓடாது. கம்பெனிக்காரன் இதக் கை கழுவி அஞ்சு வருஷமாச்சு, எந்தத் திருடன் வேணா உள்ள பூந்துக்கலாம். அந்தக் காலத்துல ஆயிரம் டாலர் போன்தான், யாரு இல்லன்னா. அந்தக் காலத்துல எனக்குந்தான் தலைல முடி இருந்துச்சு.

எண்பத்தெட்டு. ம்.

வீடியோவா? பாத்தேன், பாத்தேன். பதினோரு வீடியோ பாத்துருக்கேன். இத்தன வருஷத்துக்கு அப்புறமும் இந்த போன் வாங்கலாமான்னு ஒருத்தன் உக்காந்து பேசுறான். பின்னாடி ஒரு பூந்தொட்டி, நீலக் கலர்ல ஒரு வெளக்கு, பனியன் போட்டுக்கிட்டு இருக்கான். பனியன்! அவன் ஊர்ல குளிருன்னா ஜன்னல சாத்துவான் போல. சினிமா பாத்தா சூடாகுதாம், கேம் ஆடுனா திக்குதாம். ஒருத்தனாவது அத எடுத்துட்டுப் போயி மைனஸ் முப்பதுல வெளிய வச்சுப் பாத்தானா? தோல் கையுறை போட்டுக்கிட்டு எடுத்துப் பாத்தானா? கடைசில எல்லாப் பயலும் ஒரே மாதிரி முடிக்கிறான், அவரவர் தேவையப் பொறுத்ததுன்னு. இதச் சொல்ல இருபது நிமிஷமாடா உனக்கு?

ரிவர்ட்டன்ல இருந்து வர்றேன். இல்ல, தூரம் ஒண்ணும் இல்ல, ஒண்ணேகால் மணி நேரம். ரோடு வழுக்குச்சு, ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஆமா, ஒரு பழைய போனுக்காகத்தான். எனக்கு வேற வேல இல்லன்னு வச்சுக்கங்களேன். ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன், முப்பத்தோரு வருஷம். குளிருன்னா எனக்கு ஆகாது. பஸ்சுல ஹீட்டர் இருக்கும், அதான் அந்த வேலைக்கே போனேன்.

எண்பத்தொண்ணு. பாத்தீங்களா, எப்படி எறங்குதுன்னு. இதுக்குத்தான் சொல்றேன். வீட்டுக்குள்ள எல்லா போனும் வீரந்தான். இது நான் பாக்குற நாலாவது. அர்பார்க்ல ஒருத்தன் வித்தான், தங்கம் தங்கம்னான். இதே மாதிரி வெளிய வச்சேன், நாப்பத்தஞ்சுல இருந்து நேரா கருப்பு. பேட்டரி உப்பி மூடியே தூக்கிருச்சு. இன்னொருத்தி அந்த பட்டன் ஒடஞ்சத சொல்லாமயே அனுப்பிட்டா. உங்க பட்டன நல்லா அமுக்கிப் பாத்துட்டேன். டிக்குனு உள்ள போயி டிக்குனு வெளிய வருது. அதுல குத்தம் சொல்ல முடியல, அந்த எரிச்சல்தான் எனக்கு.

புதுசா? ஏன் புதுசு வாங்கலன்னு கேக்குறீங்களா? வாங்குனேனே. போன கிறிஸ்மஸுக்கு வாங்குனேன். எனக்கில்ல, எம் பொண்டாட்டிக்கு. ஆஸ்தா, அதான் அவ பேரு. அவகிட்ட இதே போன்தான் இருந்துச்சு, அச்சு அசல் இதே மாடல், பூனை மட்டும் இல்ல. எட்டு வருஷம் வச்சிருந்தா. நான் விடுவேனா? சாப்பிட உக்காந்தா அதத்தான் கிண்டல் பண்ணுவேன். மியூசியத்துக்காரன் கூப்பிட்டான், உன் போனு எப்ப வரும்னு கேக்குறான்ம்பேன். விருந்தாளி முன்னாடி அத எடுத்தான்னா எனக்கு மானமே போன மாதிரி இருக்கும். அவ ஒரே பேச்சு, கீழ பட்டன் இருக்குற வரைக்கும் எனக்கு இது போதும்ப்பா. பட்டன், பட்டன். இவளுக்கு வேற நாட்டமே கெடையாதான்னு இருந்துச்சு எனக்கு.

அதனால அவளக் கேக்காமயே கடைக்குப் போனேன். பழச எக்ஸ்சேஞ்சுல தள்ளுனேன். எவ்வளவுக்குன்னு சொன்னா சிரிப்பீங்க, பதினஞ்சு டாலர். அந்தக் கடைக்காரன் அத ரெண்டு விரலால தூக்கி ஒரு டப்பால போட்டான், செத்த எலியத் தூக்குற மாதிரி. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். புதுச எடுத்தேன், முழுக்கக் கண்ணாடி, ஒரு பட்டன் கெடையாது. விரலால மேல இழுத்தா எடுக்கும், கீழ இழுத்தா வைக்கும். பேப்பர் சுத்தி, ரிப்பன் கட்டி, கிறிஸ்மஸ் மரத்துக்கு அடில வச்சேன். அவ பிரிச்சுப் பாத்துட்டு, பழசு எங்கன்னு மட்டும் கேட்டா.

எழுபத்து நாலு. என்ன, குளுருதா? அந்தக் கம்பளிய எடுத்துப் போத்திக்கங்க. மீன் நாத்தம் அடிக்கும், பரவால்லயில்ல? பின்னாடி ரெண்டு பொட்டலம் பிக்கரல் மீன் இருக்கு, துண்டு போட்டு ஐஸ் ஆக்கினது. அது உங்களுக்குத்தான். நூறு டாலரும் மீனும், அதான் என் கணக்கு. கடையில அந்த மீன் என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும்.

நானா? எங்க நான் புடிக்கிறது. குளிர் ஆகாதுன்னு சொன்னேன்ல. அவதான். ஏரில ஐஸ துளை போட்டு, அடில வலைய விட்டு, மறுநாள் இழுக்குறது. அவங்க அப்பாவோட லைசென்ஸ், அவ பேருக்கு மாத்துனது. ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் போறானுங்க, நாங்க மட்டும் தலைகீழ். அவ ஏரில, நான் பஸ்சுல. எங்கள வச்சு ஊரே சிரிக்கும், அவளுக்கு அதுல பெருமை.

அறுபத்தாறு. இப்ப கொஞ்சம் நிதானமா எறங்குது. பரவால்ல.

பட்டன் வச்ச மடிக்கிற போனா? நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா. எங்க அக்கா பையன் ஸ்டெஃபான்னு ஒரு அறிவாளி இருக்கான், அவனும் அதான் சொன்னான். வாங்கிப் பாத்தாச்சு. அதத் தொறக்க ரெண்டு கை வேணும். அவ எங்க இருக்கான்னு எனக்குக் காட்டாது, ஏரில அவ வலை போட்ட எடத்தையும் காட்டாது. முன்ன இருந்த பட்டன் போனெல்லாம் இப்ப டவரே புடிக்காது. அப்புறம் அதே அறிவாளி வந்து, மாமா, அந்தப் புது போன்லயே கையுறை போட்டுத் தொடுறதுக்கு ஒரு செட்டிங் இருக்கே, நீங்க போடலையான்னு கேட்டான். எப்ப கேட்டான் தெரியுமா? எல்லாம் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு. அவன் மூஞ்சில குத்தணும் போல இருந்துச்சு. அப்புறம் போட்டும் பாத்தேன். மெல்லிசு கையுறைன்னா வேலை செய்யுது. அவ போடுறது மூஸ் மான் தோலு, அந்தத் தடிமனுக்கெல்லாம் அது மசியல. மசிஞ்சாலும் அவ அதத் தொட மாட்டா.

எது முடிஞ்சுன்னா... இருங்க, சொல்றேன். மொதல்ல ஒரு வேல பண்ணணும். இருபது நிமிஷம் ஆச்சு. அம்பத்தொம்பது. நிக்குது கழுதை. அதுக்குள்ள அவ சிம்மத்தான் போட்டுருக்கேன், கவனிச்சீங்களா? அந்த வலது கை கையுறைய எடுங்க, உங்க காலடில கெடக்கு. ஆமா, அது அவளுதுதான். எனக்குப் பத்தாது, பாதிக் கைதான் உள்ள போகும். இப்ப நான் வெளிய போயி நிக்கிறேன். நீங்க இந்த என் போன்ல இருந்து ஆஸ்தான்னு இருக்குற நம்பரக் கூப்பிடுங்க. மொதல் பேரே அதான்.

...

கேட்டுச்சா? என் குரல் கேட்டுச்சுல்ல உங்களுக்கு? கையுறையோடயே அமுக்குனேன். பாக்கக் கூட இல்ல, வானத்தப் பாத்துக்கிட்டே அமுக்குனேன். ஒரே அமுக்கு. உள்ள செட்டிங்குல ஒண்ணு இருக்கு, பட்டன அமுக்குனா போன எடுக்கணும்னு. அதப் போட்டு வச்சிட்டேன். சரி, கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க, காத்து வருது.

ஒண்ணும் இல்ல. கண்ணுல தண்ணி குளிருக்கு வருது.

போன ஜனவரி, அந்தப் புது போன் குடுத்த அடுத்த மாசம். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஆஸ்தா ஏரிக்குள்ள ஆறு மைல் போயிருந்தா, வலை இழுத்து முடிச்சு திரும்புறப்ப பனிவண்டில பெல்ட் அறுந்துருச்சு. அதே நேரம் காத்து கிளம்பிருச்சு. வெள்ளையா ஒண்ணுமே தெரியாது பாருங்க, கைய நீட்டுனா கை தெரியாது, அப்படி. அவ பதறல. வண்டிய காத்துக்குக் குறுக்க நிறுத்தி, மறைவுல தார்ப்பாயச் சுத்திக்கிட்டு உக்காந்துட்டா. பிளாஸ்க்குல காப்பி இருந்துச்சு. கிறிஸ்தியான்னு எங்க பக்கத்து வீட்டுக்காரன், அவனும் அன்னைக்கு ஏரில இருந்தான், வழி தெரிய ஐஸ்ல நட்டு வச்ச குச்சியெல்லாம் தடவித் தடவி மூணு மணி நேரத்துல அவகிட்ட போய்ச் சேந்துட்டான். அவ செஞ்சதுல ஒரு தப்பு கெடையாது. சும்மா உக்காந்து இருந்தாலே முழுசா வீட்டுக்கு வந்துருப்பா.

நான்தான் சும்மா இருக்கல. வீட்டுல, ஸ்டவ் பக்கத்துல, காலுறை போட்டு உக்காந்துக்கிட்டு அவளுக்கு போன் போட்டேன். எடுக்கல. திரும்பப் போட்டேன். இருபத்து மூணு தடவ போட்டேன். அவ வேணும்னே எடுக்கலன்னு நெனச்சு நடுவுல ரெண்டு தடவ திட்டக் கூட செஞ்சேன், வெறும் வீட்டுல.

அவ ஒவ்வொரு தடவயும் கையுறையக் கழட்டிருக்கா. வலை இழுத்த ஈரக் கை. கண்ணாடில ஈர விரல வச்சு மேல இழுக்குறா, அது எடுக்கல. ஒரு விரல் மரத்துப்போச்சுன்னா அடுத்த விரல். மணி நின்னுரும், திரும்பக் கைய உள்ள விடுவா, சூடு ஏறுறதுக்குள்ள நான் மறுபடி அடிப்பேன். இருபத்து மூணு தடவ.

அதத்தான் நானும் கேட்டேன், ஆஸ்பத்திரில. ஏண்டி எடுக்கப் போன, கெடக்கட்டும்னு விட்டுருக்கலாம்லன்னு. குளிர்ல விரலெல்லாம் கருத்துப்போயி, கையில கட்டோட படுத்துருந்தா. சொன்னா, எடுக்கலன்னா நீ கிளம்பி வந்துருவ, உனக்கு ஏரி தெரியாது, செத்துருவன்னு. அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் பழசு எங்கன்னு கேட்டா, கிறிஸ்மஸ் அன்னைக்குக் கேட்ட மாதிரியே.

திங்கக்கிழமை திரும்ப ஏரிக்குப் போறா. நான் சொல்லி நிக்கிற ஆளா அவ? போன் இருந்தாலும் போவேன், இல்லன்னாலும் போவேங்கிறா. அதான் வந்தேன்.

வேணாம்மா, அதெல்லாம் வேணாம். எரக்கப்பட்டு வெலைய எறக்காதீங்க, எனக்குப் புடிக்காது. நூத்தி இருபதையும் புடிங்க, மீனையும் எடுத்துக்கங்க. பூனையும் இருந்துட்டுப் போகட்டும், நான் சொரண்டல. இல்ல, முழுக்கை போகல. அந்த வலது கையில நாலு விரல் பாதிக்கு மேல இல்ல. கட்டைவிரல் முழுசா இருக்கு. அந்த பட்டனுக்கு அது போதும்.